சம்பளம் நேரில் பேசப்படும்

வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மின்கம்பம், சுவர், டீக்கடைக் கதவு என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படித்தால் சொர்க்கம் இங்கேதான் இருக்கிறது என்று நம்பிவிடலாம். ஆட்கள் தேவை. ஆண், பெண் இருபாலரும். குடும்பத்தோடு வருவோருக்கு முன்னுரிமை. முன் அனுபவம் தேவையில்லை. தங்குமிடம் இலவசம், சாப்பாடு இலவசம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, தீபாவளிக்கு போனஸ் உண்டு. கீழே இரண்டு செல் நம்பர். எல்லாம் இருக்கிறது, எவ்வளவு சம்பளம் என்பது மட்டும் இருக்காது. ‘நல்ல சம்பளம்’ என்று போட்டிருப்பார்கள். கொஞ்சம் மனசாட்சி உள்ள மில் என்றால் ‘சம்பளம் நேரில் பேசப்படும்’.

பக்கத்துக் கண்ணபுரத்தில் வருடா வருடம் மாட்டுச் சந்தை கூடுகிறது. காங்கேயம் காளைக்கு விலை பேசுகிற தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார். ஆனாலும் கை பிரியும்போது இரண்டு பக்கமும் தொகை தெரிந்துவிடும். பல் பார்த்து, சுழி பார்த்து, நடை பார்த்து ஓட்டிப்போகிறார்கள். ஓட்டிப்போன மாட்டுக்குத் தீவனம் வைக்காமல், ‘மாடு நிக்க மாட்டீங்குதுங்க’ என்று எந்தத் தோட்டக்காரரும் புலம்பி நான் கேட்டதில்லை. நூல்மில்லிலும் தறிப்பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் மட்டும் அந்தப் புலம்பல் பல வருடமாக ஓயவில்லை. ‘ஆளே கெடைக்கறதில்லீங்க. கெடச்சாலும் நிக்கறதில்லீங்க.’

ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் குற்றவாளிப் பட்டியல் தயாராக இருக்கும். முதல் குற்றவாளி நூறு நாள் வேலை. அடுத்தது, 2011 முதல் ரேஷன் கடையில் விலையில்லாமல் போடுகிற அரிசி. அப்புறம் டாஸ்மாக், அப்புறம் செல்போன். 2023 செப்டம்பரில் பட்டியலில் புதுப்பெயர் ஒன்று சேர்ந்தது: மகளிர் உரிமைத் தொகை. ‘ஏனுங்க, மாசமானா ஆயிரம் ரூவா பேங்க்ல உழுந்துருது. அப்பறம் எந்தப் பொம்பள மில்லுக்கு வருவா?’ நல்ல கேள்வி. ஆயிரம் ரூபாயை முப்பதால் வகுத்தால் நாளுக்கு முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம். அது கைக்கு வந்ததும் ஒரு பெண் உங்கள் மில்லை உதறிவிட்டுப் போக முடிகிறது என்றால், நீங்கள் இத்தனை நாள் என்ன கொடுத்து வந்தீர்கள் என்பதை நீங்களே ஊரறியச் சொல்லிவிட்டீர்கள். இந்தப் புகாரை மைக் பிடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அரசாங்கம் ஜனங்களின் பசியைக் கொஞ்சம் குறைத்துவிட்டதே என்பதுதான் இந்தப் புகாரின் அடிமடி. பசி இருந்தால்தான் ஆள் நிற்கும் என்கிற மனிதவளக் கொள்கையை இதைவிட நேர்மையாக யாரும் சொல்ல முடியாது.

இந்த முதலாளிகளின் அப்பன் காலத்தில் இந்தக் கவலை இல்லை. பண்ணையாள் இருந்தார், அவருடைய அப்பா வாங்கிய கடனும் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஆளைக் காட்டில் நிறுத்தின. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கிணறும் வற்றியது. தோட்டத்தில் தறிப்பட்டறை எழும்பியது. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தங்கிப் பார்த்து 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காட்டிலிருந்த கட்டு தறிக்கு இடம் பெயர்ந்திருக்கிறது என்பது அதன் சாரம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏற முடிந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். ஊர்த் தறியில் மாட்டிக்கொண்ட தலித் குடும்பங்கள் முன்பணத்தில் கட்டுண்டு கிடந்தன.

குமாரபாளையம் பக்கம் அந்த முன்பணத்தைப் பாக்கி என்பார்கள். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று வாங்கியது கழியவே கழியாது. கழிந்துவிட்டால் கொடுத்த காரியமே கெட்டுவிடுமே. அடுத்த பட்டறைக்காரருக்கு ஆள் வேண்டுமென்றால் பழைய பாக்கியை அடைத்துவிட்டு ஆளைக் கூட்டிப்போவார். தறி மாறும், ஓனர் மாறுவார், கடன் மட்டும் மாறாமல் கூடவே நடந்து போகும். ‘ஆள் பிடிக்கறதுக்கே லட்சக்கணக்குல முடங்கிப் போச்சுங்க’ என்று வருத்தப்படுவது இதைத்தான். வட்டியே வாங்குவதில்லை என்று பெருமை வேறு. வட்டி எதற்கு, மனுஷரே பிடியில் இருக்கும்போது?

தறிக்காரர் பாவம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாவும் ஊடையும் கொடுத்து நெய்யச் சொல்கிற ஜவுளி உற்பத்தியாளர் கூலியை ஏற்ற மாட்டார். ஏற்றுவதாகப் பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்டாலும் கணக்கில் ஏற்ற மாட்டார். கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறியை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். விலைவாசி ஏறிவிட்டது, கரண்ட் கட்டணம் ஏறிவிட்டது, பழைய கூலியில் எப்படிப் பிழைப்பது என்று கேட்டார்கள். அத்தனையும் நியாயம். ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. அதே வார்த்தைகளைப் பட்டறைக்குள் தறி ஓட்டுகிறவர் சொன்னால்தான், ‘அவனுக்கு வாய் நீண்டு போச்சு’.

தறி இப்படி என்றால் மில்காரர்கள் படித்தவர்கள், அவர்கள் முறையே தனி. நாட்டின் நூற்பாலைகளில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பெண்களை இரவு ஷிப்டில் வேலை வாங்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை ரத்து செய்தது. ஆணுக்குச் சமமாகப் பெண்ணும் வேலை செய்யட்டும் என்பது நோக்கம். பாதுகாப்புக்கு நிபந்தனைகளும் விதித்தது. நிபந்தனைகள் தீர்ப்போடு பைலில் தங்கிவிட்டன, இரவு ஷிப்ட் மட்டும் மில்லுக்கு வந்து சேர்ந்தது. இரவிலும் வேலை, பகலிலும் வேலை என்றால் ஆள் மில்லுக்குள்ளேயே இருப்பதுதானே வசதி? ஹாஸ்டல் கட்டினார்கள். தரகர்கள் தென் மாவட்டங்களுக்குப் போனார்கள். மழை பொய்த்த ஊர், வயசுப்பெண் இருக்கிற வீடு, கூரை ஒழுகுகிற வீடு என்று பொறுக்கினார்கள். மூன்று வருடம் மகளை அனுப்புங்கள், முடித்து வரும்போது கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. திட்டத்தின் பெயர் சுமங்கலி. திருமகள் திருமணத் திட்டம் என்றும் ஒரு பெயர் உண்டு. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-லிருந்து குற்றம். அதற்குச் சேமித்துத் தருகிறோம் என்று நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகக் கொடுத்தவர்கள் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மில்லுக்கு மில் தொகை மாறும். நாற்பதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு 1,095 நாள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு முப்பத்தாறரை ரூபாய். அதுவும் முதலாளி மேலே போட்டுக் கொடுத்த பணம் கிடையாது. அன்றன்றைக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் நாளுக்கு முப்பத்தாறரையைப் பிடித்துவைத்து, மூன்று வருடம் வட்டியில்லாமல் தொழிலில் போட்டுப் புரட்டி, கடைசியில் தாம்பாளத்தில் வைத்துச் சீர் என்று நீட்டினார்கள். இரண்டே முக்கால் வருடத்தில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அந்தச் சீரும் கிடையாது, ஒப்பந்தத்தை முறித்தாளாம். மூன்று வருடமும் அவளுக்குப் பெயர் டிரெய்னி. ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை ஒட்டவும் பாபின் மாற்றவும் சில மாதத்தில் கை பழகிவிடும். டாக்டருக்குப் படிக்கிறவர்களே ஐந்தரை வருடத்தில் முடித்துவிடுகிறார்கள், நூல் ஒட்டப் பழக மூன்று வருடமா? பயிற்சி முடிந்ததென்றால் குறைந்தபட்சக் கூலி கேட்பாளே, அதனால் முடியாது.

மில்லுக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள், விட்டால். மேலே கூரையிலிருந்து புகைபோல ஈரக்காற்று இறங்கிக்கொண்டிருக்கும். சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி, அதைப் பார்த்துக் குறித்துவைக்க ஒரு நோட்டு. காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும், அதனால் அவ்வளவு கவனம். நூலுக்குக் கீழே எட்டு மணி நேரமும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறாள் ஒரு பெண். இமையில் பஞ்சு, மூக்கில் பஞ்சு. அவள் எத்தனை மணிக்கு உட்கார்ந்தாள் என்று எந்த நோட்டிலும் குறிப்பதில்லை. ஷிப்ட் முடிந்தால் ஹாஸ்டல், ஹாஸ்டலுக்கு கேட், கேட்டுக்கு ரிஜிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு போன் பேசலாம், வார்டன் பக்கத்தில் நிற்பார். சோப்பு வாங்கக் கடைவீதிக்குப் போக வேண்டுமென்றால் மில் வண்டியில் கும்பலாகப் போய்க் கும்பலாகத் திரும்ப வேண்டும். ‘பொம்பளப் புள்ளைங்க, பாதுகாப்பு வேணுமில்லீங்களா?’ வேண்டும்தான். பாதுகாப்பு யாரிடமிருந்து என்பதைச் சொன்னால் நன்றாக இருக்கும். சூப்பர்வைசர் கேட்டுக்கு உள்ளேதானே இருக்கிறார்?

2011-ல் நெதர்லாந்திலிருந்து சோமோ என்ற ஆய்வு மையமும் அந்நாட்டு இந்தியக் கமிட்டியும் சேர்ந்து இதையெல்லாம் அறிக்கையாக வெளியிட்டன. 2014-ல் இன்னொன்று வந்தது. உடனே இங்கே தேசபக்தி பொங்கியது. இந்தியத் தொழிலைக் கெடுக்க வெளிநாட்டுச் சதி என்றார்கள். பிறகு துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் முகம் சுளித்ததும் தேசபக்தி அடங்கியது. போர்டிலிருந்து சுமங்கலி என்ற பெயரை அழித்தார்கள். ஹாஸ்டல் அப்படியே இருந்தது, கேட்டும் அப்படியே. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை இன்னொரு சங்கதியை வெளியே கொண்டுவந்தது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலியோடு வேலை பார்த்த பெண்களுக்கு, பெயர் கூட அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்து மிஷினில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஒரு நாள் லீவு கொடுத்தால் புரொடக்‌ஷன் குறையும். மாத்திரைக்கு என்ன செலவாகிவிடப்போகிறது?

உள்ளூர்ப் பெண்கள் உஷாரானதும் ரயில் வடக்கே திரும்பியது. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். இந்த முறை தரகருக்கு அரசாங்கமே சட்டை போட்டுவிட்டது. 2014-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில் கிராமத்து இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்க்க வேண்டும். சேர்த்த ஆள் மூன்று மாதமாவது வேலையில் இருந்தால்தான் பயிற்சி நிறுவனத்துக்கு அது கணக்கில் ஏறும். நல்ல எண்ணம்தான். ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணை இரண்டு நாள் ரயிலில் ஏற்றி, பாஷை தெரியாத ஊரில் கேட்டுக்குள் விட்டுவிட்டு, மூன்று மாதம் நின்றாளா என்று பார்ப்பது எந்த வகைப் பரீட்சை? திரும்பிப் போக வழி தெரியாததால் நிற்கிறவளும் பாஸ் ஆகிவிடுகிறாள்.

வடக்கத்தி ஆளின் அருமை திருப்பூருக்கு இரண்டு தடவை தெரிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் கம்பெனி மூடியது, ரூம் வாடகை மூடவில்லை, ஜனங்கள் நடந்தார்கள். ஆர்டர் திரும்பியதும் பஸ் வைத்துக் கூட்டிவரப் போனார்கள். மார்ச்சில் ஒரு வேளைச் சோற்றுக்கு வழி இல்லாமல் போனவருக்கு சில மாதத்தில் சொகுசு பஸ். அடுத்தது 2023 மார்ச். பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று எங்கோ நடந்த சண்டைகளின் வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள், அத்தனையும் புளுகு. ஹோலி வேறு நெருங்கியதால் திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் திரண்டது. அப்போது பார்க்க வேண்டும் இந்த ஊரை. இந்தியில் ஹெல்ப்லைன், இந்தியில் நோட்டீஸ், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு, நேற்று வரை ‘டேய்’ என்று கூப்பிட்டவர்கள் வாயில் ‘பையா’. தண்ணீர் வருகிறதா, ரூமில் பேன் ஓடுகிறதா என்று விசாரித்தார்கள். எந்த மனிதவள ஆலோசகராலும் செய்ய முடியாததை ஒரு பொய் வீடியோ செய்தது. ரயில் காலியானதும் மறுபடியும் ‘டேய்’.

சட்டசபையும் தன் பங்குக்கு உதவி செய்யாமல் இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம், ஆனால் வாரத்துக்கு நாலு நாள்தான், மூன்று நாள் லீவு என்று அமைச்சர்கள் கனிவாக விளக்கினார்கள். கூட்டணிக் கட்சிகளே எழுந்து வெளியே போனதால் மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். கம்யூனிஸ்டுகள் வெற்றி என்றார்கள், அரசு ஜனநாயகம் என்றது. திருப்பூரில் யாரும் எதையும் நிறுத்தவும் இல்லை, வாபஸ் வாங்கவும் இல்லை. இங்கே காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. நாலு நாளா ஆறு நாளா என்று கேட்டீர்களானால், சிரிப்பார்கள்.

டெல்லி இன்னும் சுருக்கமாக முடித்தது. காண்ட்ராக்டர் மூலம் மாநிலம் விட்டு மாநிலம் வருகிறவருக்கு மாதச் சம்பளத்தில் பாதியை இடப்பெயர்வுப் படியாகக் கொடு என்றது 1979-ம் வருடத்துச் சட்டம். அந்தப் படியை வாங்கிய ஒரு ஒடிசாக்காரரையாவது இந்தப் பகுதியில் எனக்குக் காட்டுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன, 1979 சட்டம் போயிற்று, புதிய தொகுப்பில் அந்தப் படியே இல்லை. யாரும் கொடுக்காததை யாரும் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டால் ஊரில் சட்டத்தை மீறுகிறவரே இருக்க மாட்டார்.

இப்போது புது சீசன் ஒன்று வந்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஏ.சி. போட்டு, திரை கட்டி, கோட் போட்ட பேச்சாளரைக் கூட்டிவந்து ‘சரியான ஊழியரைத் தேர்ந்தெடுத்துத் தக்கவைப்பது எப்படி’ என்று வகுப்பு நடத்துகிறார்கள். ‘ஊழியரை உங்கள் குடும்பத்தில் ஒருவராக நினையுங்கள்’ என்பார் பேச்சாளர். கைதட்டல் மண்டபத்தைப் பிளக்கும். பிளக்காதா பின்னே? குடும்பத்தில் யாருக்கும் ஓவர்டைம் கொடுப்பதில்லை. மத்தியானம் விருந்து உண்டு, அதைப் பரிமாறுகிற பையன் எந்த மாநிலம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். முன்வரிசையில் கைதட்டுகிறவரின் மகன் பெங்களூரில் ஐ.டி. வேலை. நாலு வருடத்தில் மூன்றாவது கம்பெனி. ஒவ்வொரு தாவலுக்கும் சம்பளம் எவ்வளவு ஏறியது என்று சொந்தபந்தத்திடம் சொல்லிச் சொல்லி அப்பாவுக்கு வாய் வலிக்கிறது. அவர் மில்லில் ரிங் ஃபிரேம் பார்க்கிற பெண் வாரத்துக்கு இருநூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பக்கத்து மில்லுக்குப் போனால், ‘நன்றி கெட்ட சாதி’.

ஆள் நிற்காத ஊர் இது என்று சொல்கிறவர்களுக்கு 1984 ஞாபகம் இருக்காது. பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நின்றார்கள் ஐயா, கம்பெனி வாசலில், பட்டினியோடு. அன்றைக்கு எந்த முதலாளிக்கும் ‘அடடா, என்னமா நிற்கிறார்கள்’ என்று ஆனந்தம் வரவில்லை. அதற்குப் பிறகு வேலையைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். ஜாப் ஒர்க், காண்ட்ராக்ட், பீஸ் ரேட். எந்த ஓனருக்கு யார் ஆள், எந்த ஆளுக்கு யார் ஓனர் என்று தெரியாதபடி ஆக்கினார்கள். சங்கம் வைத்தவனுக்கு வேலை கிடையாது என்றார்கள். சேர்ந்து நின்று கேட்கிற வழியை அடைத்தாகிவிட்டது, தனியாளுக்கு மிஞ்சியது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது ஒன்றுதான். கிளம்புகிறான். அவனால் முடிந்த வேலைநிறுத்தம் அவ்வளவுதான்.

வேறு மாதிரியும் நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல் இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். பெண்கள் தலைமையில் நடக்கிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் கம்பெனியிடமும் துணி வாங்குகிற எச் அண்ட் எம்மிடமும் கையெழுத்து வாங்கியது. தொந்தரவு கொடுத்தால் புகார் சொல்லலாம், சொன்னதற்காக வேலை போகாது, தொழிலாளிகளே லைனில் கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள். மண்டப வகுப்புகளில் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். அதில் யூனியன் என்ற சொல் வருகிறது.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ‘கொஞ்ச நாளைக்கு ஊருக்குப் போய்ட்டு வாப்பா, ஆர்டர் வந்தாச் சொல்றேன்’ என்று ஆட்களை அனுப்பிய கம்பெனிகள் உண்டு. வரிக்கு முதலாளி பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். வேலை இல்லாத அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து ஆளைத் தக்கவைத்த கம்பெனி எத்தனை? ஆர்டர் இல்லாதபோது ஆள் பாரம், ஆர்டர் வந்ததும் ஆள் துரோகி.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். சேர்ந்த முதல் வாரக் கூலியைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்கிற வழக்கம் இங்கே பல கம்பெனிகளில் இருக்கிறது. ஆள் ஓடிவிடாமல் இருக்கப் பிடிமானமாம். ஓடுகிறவன் அந்த ஒரு வாரத்தை விட்டுவிட்டுத்தான் ஓடுகிறான், கேட்டு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். வருடத்துக்கு நூறு பேர் ‘நிற்கவில்லை’ என்றால் நூறு வாரக் கூலி கல்லாவில் தங்குகிறது. ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும் என்று புதிய ஊதியத் தொகுப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது. முதலில் அந்தப் பணத்தை ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் கொடுத்து முடியுங்கள். அப்புறம் மண்டபத்துக்கு வாருங்கள், ஆள் ஏன் நிற்பதில்லை என்று பேசுவோம்.